மாநிலச் சட்டமன்றமும் நம் வாக்கும்



மொழிக்கென அமைந்த இம்மேடையில் இன்று சட்டமன்றத்தைப் பற்றிப் பேச முற்படுகிறோம். மொழிக்கும் தேர்தல் விதிக்கும் என்ன தொடர்பு என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். அண்மையில் நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்கினால் அவ்வையம் தானே நீங்கும் எனக் கருதுகிறோம்.

கிளந்தான் மாநிலத்தில் குவா மூசாங் என்பது ஒரு நாடாளுமன்றத் தொகுதி. அதனுள் அடங்கிய சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று நெங்கிரி. 2024ஆம் ஆண்டில் இவ்விரு தொகுதிகளுக்கும் ஒருவரே உறுப்பினராக இருந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த அவர், பிரதமருக்குத் தம் ஆதரவை அறிவித்தார். அவ்வாறு செய்பவரின் உறுப்பியம் தானாகவே முடிவுறும் என்று அவருடைய கட்சி தன் அமைப்பு விதியைத் திருத்தியிருந்தது. ஆகவே அவர் தன் உறுப்பினர் அல்லர் என்று கட்சி அறிவித்தது. ஜூன் மாதத்தில் கிளந்தான் சட்டமன்றச் சபாநாயகர், நெங்கிரித் தொகுதி காலியாகிவிட்டது என்றார். ஜூலை மாதத்தில் மக்களவைச் சபாநாயகர், அதே கட்சியைச் சேர்ந்த ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்களின் இடங்கள் காலியாகவில்லை என்றார். அந்த ஆறனுள் குவா மூசாங்கும் ஒன்று. மனிதர் ஒருவர், செயலும் ஒன்று. ஓர் அவையில் அவர் உறுப்பினராகவே தொடர்ந்தார்; மற்றோர் அவையில் இடத்தை இழந்தார். 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் நெங்கிரியில் இடைத்தேர்தல் நடந்தது. அவ்விடம் தேசிய முன்னணிக்குச் சென்றது.

இரண்டு அவைகளிலும் உள்ள கட்சித் தாவல் விதிகள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் அக்கட்சியிலிருந்து விலகினாலோ, அதன் உறுப்பினராக இருப்பது ஒழிந்தாலோ, தம் இடத்தை இழப்பார். கட்சி அவரை வெளியேற்றினால் இழக்கமாட்டார். இப்போது தமிழாசிரியர்கள் இச்சொற்களை உற்றுநோக்க வேண்டுகிறோம். ‘விலகினார்’ என்பது தன்வினை. ‘விலக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. இவ்விரண்டுக்கும் நடுவே, ‘உறுப்பினராக இருப்பது ஒழிந்தது’ என்னும் தொடர் நிற்கிறது. ஒழிந்தது யாரால்? அவருடைய செயலாலா, கட்சியின் விதியாலா? கட்சி எழுதிக்கொண்ட விதி ஒருவரைத் தானே விலகியவராகக் கருதினால், அது விலகலா, வெளியேற்றமா? வகுப்பறையில் நாம் நாள்தோறும் கற்பிக்கும் இலக்கண வேறுபாடு, ஒரு தொகுதி மக்களை மீண்டும் வாக்குச் சாவடிக்கு அழைக்கும் ஆற்றல் உடையது. இது முதற்செய்தி.

இரண்டாவது செய்தியே இன்றைய உரையின் மையம். தேர்தல் விதிகள் என்றாலே நாடாளுமன்றத்தையும் தேர்தல் ஆணையத்தையும் மட்டுமே நாம் நினைக்கிறோம். நம் மாநிலச் சட்டமன்றமும் அவ்விதிகளை எழுதுகிறது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனால் அது எழுதும் வரிகளை நாம் படிப்பதில்லை.

நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்திலுள்ள ஒன்பதாம் அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பகுக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. வாக்காளர் பட்டியல், வாக்களிப்பு முறை, தொகுதி எல்லை ஆகியவற்றை மாநிலங்கள் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. ஆயினும் 13 மாநிலங்களும் தத்தமக்கென ஓர் அரசியலமைப்புச் சட்டத்தைக் கொண்டுள்ளன. அவற்றில் இடம்பெற வேண்டிய கூறுகளை எட்டாம் அட்டவணை வகுத்துரைக்கிறது. சட்டமன்ற உறுப்பினராகும் தகுதி யாருக்கு உண்டு, உறுப்பினர் எப்போது இடத்தை இழப்பார், அவையின் ஆயுள் எவ்வளவு என்பனவெல்லாம் மாநில அரசியலமைப்பில் எழுதப்பட வேண்டியவை. அவற்றைத் திருத்தச் சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். சுருங்கக் கூறின், எவ்வாறு வாக்களிப்பது என்பதை நாடாளுமன்றம் எழுதுகிறது. யாருக்கு வாக்களிக்கலாம், எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுத்தவரை எப்போது இழப்போம் என்பவற்றில் மாநிலத்தின் எழுதுகோலும் கலந்துள்ளது.

முதலில், யாருக்கு வாக்களிக்கலாம் என்பதைக் காண்போம். 2019 ஜூலை 16ஆம் நாள் மக்களவை, வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை 211 வாக்குகளுடன் நிறைவேற்றியது. எதிர்த்தவர் எவரும் இலர். அத்திருத்தம் 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வாக்காளராகத் தானாகவே பதிவு பெறும் முறையும் உடன் வந்தது. 2018 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 பொதுத் தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைக் கடந்தது. பதினெட்டு வயதினர் முதன்முதலில் வாக்களித்தது ஒரு சட்டமன்றத் தேர்தலில்தான். 2022 மார்ச் 12ஆம் நாள் நடந்த ஜொகூர்த் தேர்தலே அது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. வாக்களிக்கும் வயது கூட்டரசின் அரசியலமைப்பிலேயே உள்ளது. ஆதலின் ஒரு திருத்தம் நாடு முழுமைக்கும் போதுமானதாயிற்று. சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடும் வயதோ ஒவ்வொரு மாநிலத்தின் அரசியலமைப்பிலும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. ஆகவே பதினெட்டு வயது இளைஞர் வேட்பாளராக வேண்டுமாயின், அவருடைய மாநிலச் சட்டமன்றமும் தன் வரியைத் திருத்தியாக வேண்டும். வாக்குரிமையை நாடாளுமன்றம் வழங்கியது. வேட்பாளராகும் வாயிலின் திறவுகோலை மாநிலமும் வைத்திருந்தது.

ஓர் அவை தன் உறுப்பினருக்கான தகுதியைத் தானே எழுதுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவரே குடவோலைக்கு உரியவர் என்றும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்றும் ஊர்ச்சபை எழுதி வைத்தது. மன்னனின் ஆணைப்படி, அவனுடைய அலுவலர் உடனிருக்க, சபை அதனைத் தீர்மானித்தது. மேலுள்ள அதிகாரம் ஒருபுறமும் உள்ளூர் அவை மறுபுறமும் நின்று விதி எழுதிய அந்நிலை, இன்றைய கூட்டாட்சி அமைப்பைப் புரிந்துகொள்ள மாணவர்க்கு ஓர் எளிய வாயிலாகும்.

அடுத்து, எத்தனை பேர் என்பது. தொகுதி எல்லையைத் தேர்தல் ஆணையம் வரைகிறது. மக்களவை அதற்கு ஒப்புதல் தருகிறது. ஆனால் சட்டமன்றத்தில் எத்தனை இடங்கள் என்பதை மாநில அரசியலமைப்பே கூறுகிறது. சரவாக் சட்டமன்றம் தன் இடங்களை 71இலிருந்து 82ஆக உயர்த்த 2014இல் சட்டம் இயற்றியது. 2016 தேர்தல் அந்த 82 இடங்களுக்கு நடந்தது. சபா சட்டமன்றம் 60 இடங்களை 73ஆக்க 2016இல் திருத்தம் செய்தது. மக்களவையின் ஒப்புதல் 2019இல்தான் கிடைத்தது. ஆகவே 2020 தேர்தலில்தான் 73 இடங்களுக்கும் வாக்களிப்பு நடந்தது. மாநிலம் விரும்பினாலும் மையம் இசைய வேண்டும் என்பதை இந்த நான்காண்டு இடைவெளி காட்டுகிறது.

வாக்குச் சீட்டில் பெயரே இல்லாமல் அவைக்கு வருவோரும் உண்டு. சபாவில் ஆறு பேர் வரை நியமனம் செய்ய இடமுண்டு. 2022 பொதுத் தேர்தலுக்குப் பின் பகாங் சட்டமன்றமும் தன் அரசியலமைப்பைத் திருத்தி ஐந்து நியமன உறுப்பினருக்கு இடம் அளித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த 42 பேருடன் 47 பேர் கொண்ட அவையாயிற்று அது. போட்டியிட்டு வெல்ல வாய்ப்புக் குறைந்த பிரிவினர்க்கும் குரல் வேண்டும் என்று இம்முறைக்கு ஆதரவாகக் கூறுவர். மக்களின் எண்ணிக்கையால் அமைந்த அவையில் பெரும்பான்மை அணி தன் கணக்கைப் பெருக்கிக்கொள்ளும் வழி இது என்று எதிர்ப்போர் கூறுவர். இரண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. வாக்காளர் அறியாமலேயே இவ்வரி எழுதப்படுவதுதான் வருந்தத்தக்கது.

மூன்றாவதாக, எப்போது என்பது. சட்டமன்றத்தைக் கலைப்பவர் மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர். மந்திரி பெசாரோ முதலமைச்சரோ அதற்கான வேண்டுகோளை முன்வைக்கிறார். நாடாளுமன்றம் கலைந்தால் சட்டமன்றமும் கலைய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 2022 நவம்பரில் நாடு பொதுத் தேர்தலைச் சந்தித்தபோது பேராக், பகாங், பெர்லிஸ் ஆகிய மூன்று மாநிலங்களே உடன் வாக்களித்தன. கெடா, கிளந்தான், திரங்கானு, பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய ஆறும் 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் 245 இடங்களுக்குத் தனியே வாக்களித்தன. சபா, சரவாக், மலாக்கா, ஜொகூர் ஆகியவற்றுக்குத் தனித்தனி நாள்கள்.

நாள் மாறினால் வாக்களிப்போரின் அளவும் மாறுகிறது. 2022 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ நூற்றுக்கு 74 பேர் வாக்களித்தனர். அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஜொகூர்ச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேரே. பெருந்தொற்றின் அச்சம் அப்போது முற்றும் நீங்கவில்லை என்பது உண்மை. ஆயினும், ‘இது சட்டமன்றத் தேர்தல்தானே’ என்னும் நம் மனப்போக்குக்கும் அதில் பங்குண்டு என மறுக்க இயலுமா?

நான்காவது, தேர்ந்தெடுத்தவரை இழப்பது. 2009இல் பேராக் மாநிலத்தில் மூன்று உறுப்பினர்கள் தம் அணியை விட்டு நீங்கியதால் 59 இடங்கள் கொண்ட அவையில் பெரும்பான்மை மாறி, ஆட்சியும் மாறியது. 1994இல் சபாவில், தேர்தலில் வென்ற கட்சியின் ஆட்சி சில வாரங்களிலேயே தாவல்களால் கவிழ்ந்தது. இந்நோய்க்கு மருந்து தேடும் முயற்சி மையத்திலன்று, மாநிலங்களில்தான் முதலில் தோன்றியது.

1990 பொதுத் தேர்தலில் கிளந்தானின் 39 சட்டமன்ற இடங்களையும் ஒரே கூட்டணி வென்றது. மறு ஆண்டு கிளந்தான் சட்டமன்றம், கட்சி மாறுபவர் இடத்தை இழப்பார் என்று தன் அரசியலமைப்பில் ஒரு வரி சேர்த்தது. கட்சி மாறிய இருவர் இடமிழந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சங்கம் சேரும் உரிமையைத் தரும் பத்தாம் விதிக்கு அவ்வரி முரணானது என்று 1992இல் தீர்ப்பாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, அத்தீர்ப்பு நிலைபெற்றிருந்த காலத்திலேயே, பினாங்குச் சட்டமன்றம் 2012இல் அத்தகைய வரியை மீண்டும் எழுதியது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் பினாங்கின் சட்டம் செல்லும் என்றது. அதற்குச் சில நாள்கள் முன்பு, ஜூலை 28ஆம் நாள், மக்களவையும் நாடு தழுவிய திருத்தத்தை 209 வாக்குகளுடன் நிறைவேற்றியது. அது அக்டோபர் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் ஒன்று தொடங்கியதை மற்றொரு மாநிலம் தொடர, முப்பதாண்டுகளுக்குப் பின் நாடே ஏற்றது. மாநிலச் சட்டமன்றத்தைச் சிறிய அவை என ஒதுக்குவோர்க்கு இவ்வரலாறே விடையாகும்.

ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. கிளந்தான் சட்டம் முன்தேதியிட்டு எழுதப்பட்டது. அன்றைய பெரும்பான்மை தன்னைக் காத்துக்கொள்ள இயற்றிய சட்டம் அது என்னும் குறை அதன்மேல் உண்டு. தேர்தலில் போட்டியிடுபவரே தேர்தல் விதியையும் எழுதும்போது, விளையாடுபவரே கோட்டையும் கிழிப்பது போன்ற நிலை ஏற்படுகிறது. இது எக்கட்சிக்கும் பொருந்தும். நீதிமன்றம் ஒரு காவல். அக்காவல் வழக்குத் தொடுத்த பின்னரே விழித்தெழும். நாள்தோறும் விழித்திருக்க வேண்டிய காவலர் குடிமக்களே.

சட்டமன்றத்தின் எழுதுகோலுக்கு எல்லை உண்டு என்பதற்கும் பினாங்கே சான்று. ஜார்ஜ்டவுன் நகராட்சிக்கு 1951இல் தேர்தல் நடந்தது. 1957இல் அந்நகரின் முதல் மேயராக வந்தவர் டி. எஸ். ராமநாதன். இன்றும் அந்நகரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976இன் ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நகர்மன்ற உறுப்பினரை இன்று மாநில அரசே நியமிக்கிறது. அத்தேர்தலை மீட்கப் பினாங்குச் சட்டமன்றம் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்தான். எனினும், நாடு முழுவதும் ஒருசீரான சட்டம் வேண்டும் என்னும் நோக்கில் நாடாளுமன்றம் அப்பொருளில் சட்டம் இயற்ற அரசியலமைப்பு இடமளிக்கிறது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்தின் முயற்சியை ஏற்க மறுத்தது. நம் தெருவின் விளக்கையும் வடிகாலையும் கவனிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இன்றும் நம்மிடம் இல்லை. அதனால் அப்பொறுப்பைக் கேட்டுப் பெறும் இடம் சட்டமன்றமாகவே எஞ்சியுள்ளது.

இதுவரை தேர்தல் விதிகளைக் கண்டோம். அவ்விதிகளால் அமையும் அவை நம் வாழ்வில் எதனை முடிவு செய்கிறது? நிலம், காடு, கனிமம், ஊராட்சி ஆகியவை மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. தமிழ்ப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். கல்வி கூட்டரசின் பொறுப்பு. ஆசிரியரை அனுப்புவதும் பாடத்திட்டம் வகுப்பதும் கல்வி அமைச்சு. பள்ளி நிற்கும் நிலமோ மாநிலத்தின் பொருள். தோட்டம் விற்கப்பட்டுப் பள்ளி இடம்பெயர வேண்டி வந்தபோதெல்லாம், இரண்டு அரசுகளின் வாயில்களையும் நம் பெற்றோர் தட்ட நேர்ந்தது இதனால்தான். 2008க்குப் பின் சிலாங்கூர், பினாங்கு ஆகிய மாநில அரசுகள் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தம் ஆண்டு நிதியிலிருந்து ஒதுக்கீடு செய்தன. அவ்வொதுக்கீடு சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் நிறைவேறினால்தான் பணமாகும். கோயில் நிலமும் இடுகாட்டு நிலமும் அவ்வாறே.

அறியும் உரிமையும் ஒரு சான்று. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றுவதற்கு முன்னரே, சிலாங்கூர்ச் சட்டமன்றம் 2011 ஏப்ரல் 1ஆம் நாள் மாநில அளவில் அதனை நிறைவேற்றியது, பினாங்கும் பின்தொடர்ந்தது. தாவல் சட்டத்தில் கண்டதையே இங்கும் காண்கிறோம். நாடு தயங்கும் இடத்தில் ஒரு மாநிலம் முதலடி வைக்கலாம்.

தீபகற்பத்தின் 11 மாநிலங்களில் மட்டும் 445 சட்டமன்ற இடங்கள் உள்ளன. நாடாளுமன்றத்தில் இருப்பவை 222. நமக்கு மிக அருகில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினரே. இருந்தும் பிரதமரின் பெயரை அறிந்த மாணவர், தம் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைக் கேட்டால் தயங்குகிறார். ஆசிரியர்களாகிய நாமும் சில வேளைகளில் தயங்குகிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிறைவாக ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று, மாநில அரசியலமைப்பின் ஒரு விதியை, வேட்பாளர் தகுதி பற்றியதையோ இடம் இழத்தல் பற்றியதையோ, வகுப்பில் தமிழாக்கம் செய்யப் பணியுங்கள். ‘விலகல்’, ‘வெளியேற்றம்’, ‘ஒழிதல்’ ஆகிய சொற்களுக்கு இடையே மாணவர் தாமே எல்லை வகுக்கட்டும். இரண்டு, சட்டமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் காலத்தில் ஒரு நாள் நடவடிக்கையையேனும் மாணவரோடு சேர்ந்து படித்து, தங்கள் ஊரைப் பற்றி யார் என்ன கேட்டார் எனக் குறிக்கச் செய்யுங்கள். மூன்று, பதினெட்டு வயதை எட்டும் மாணவரிடம், ‘உனக்கு வாக்கு உண்டு’ என்று மட்டும் கூறாமல், ‘உனக்கு இரண்டு அவைகள் உண்டு’ என்றும் கூறுங்கள்.

கட்சி எதுவாயினும், அணி எதுவாயினும், விதியின் வரியைப் படித்தறிந்த வாக்காளரை ஏமாற்றுவது அரிது. நெங்கிரி மக்கள் மீண்டும் வாக்களிக்கச் சென்றது ஒரு தொடரின் பொருளால். அடுத்த முறை நம் மாநிலத்தில் அத்தகைய தொடர் எழுதப்படும்போது, அதனைப் படித்துப் பொருள் கேட்கும் ஒருவராவது இவ்வரங்கிலிருந்து எழ வேண்டும் என விழைகிறோம்.